பத்து வருஷம் கழித்தும் திறக்கிற லாக்

உங்களுக்கு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸும் வியு3 என்று தொடங்கும் கால்சைனும் (வானொலியில் உங்கள் அடையாளப் பெயர்) கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. ஐகாம் 7300 ரிக்குக்கு (பேசவும் கேட்கவும் ஆன வானொலிக் கருவி) அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப் சும்மா கிடக்கிறது, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி வாங்கலாமா என்றும் யோசனை ஓடுகிறது. இந்த நிலையில் "லாகிங்குக்கு எந்த மென்பொருள் சிறந்தது, காசு போட்டு வாங்கணுமா, எதில் ஓட்டுவது" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருந்தீர்கள்: "ஒன்றில் ஆரம்பித்துவிட்டால் பிறகு மாறுவது கஷ்டம் என்கிறார்களே." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பின்னால் தலையில் கை வைக்காமல் இருப்பது எப்படி என்பதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் முதலில் லாக் (யாரோடு, எப்போது பேசினோம் என்ற பதிவேடு) எழுதியது கோடு போட்ட நீள நோட்டில். கணினிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதற்குள் ஐந்து மென்பொருள் மாறியிருக்கிறேன். அத்தனை வருஷத்துப் பதிவுகளும் இன்று ஒரே கோப்பில் இருக்கின்றன, ஒரு பதினான்கு மாதம் தவிர. அது போன கதை சுருக்கமானது. அப்போது நான் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள், பெயர் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் போயிற்று. எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை, சிடியில் பேக்கப் இருந்தது. ஆனால் அந்த பேக்கப் அவர்களுடைய சொந்த வடிவத்தில் இருந்த கோப்பு. புதுக் கணினியில் மென்பொருளை நிறுவினால் லைசென்ஸ் சாவி கேட்டது. சாவி கொடுக்க வேண்டியவர் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். பூட்டு இருக்கிறது, பெட்டி இருக்கிறது, உள்ளே பொருளும் இருக்கிறது. பதினான்கு மாத கியூஎஸ்ஓக்கள் (வானொலித் தொடர்புகள்) இன்னும் அந்த சிடியில்தான்.

அதனால் நான் மென்பொருளில் முதலில் பார்ப்பது அழகையோ வரைபடத்தையோ இல்லை. பதிவுகளை ஏடிஐஎஃப் வடிவத்தில் முழுசாக வெளியே எடுக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். ஹாம்கள் லாக் பரிமாறிக்கொள்ள 1996-ல் தொடங்கிய பொது வடிவம் இது. வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெயர், அதன் பக்கத்தில் விவரம் எத்தனை எழுத்து நீளம் என்ற எண், பிறகு விவரம். ஆறு எழுத்துக் கால்சைன் என்றால் 'கால்' என்ற பெயருக்குப் பக்கத்தில் 6 என்று இருக்கும். அவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் முப்பது வருஷம் ஓடியிருக்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள நல்ல மென்பொருள்கள் எல்லாம் இதை எழுதும், படிக்கும்.

ஆனாலும் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். எதை நிறுவினாலும் முதல் நாளே பொய்யாக ஐந்து கியூஎஸ்ஓ போடுங்கள். ஒன்றில் குறிப்பு எழுதுங்கள், ஒன்றில் கிரிட் (ஸ்டேஷன் இருக்கும் இடத்தின் கட்டக் குறியீடு) கொடுங்கள், ஒன்றில் எதிராளியின் பவரைப் போடுங்கள். எக்ஸ்போர்ட் செய்து நோட்பேடில் பாருங்கள். பிறகு அதை வேறொரு மென்பொருளில் இறக்கிப் பாருங்கள். கால்சைன், தேதி, நேரம், பேண்ட் (அலைவரிசைப் பட்டை), மோட் (பேச்சா, மோர்ஸா, டிஜிட்டலா), ஆர்எஸ்டி (சிக்னல் எப்படிக் கேட்டது என்ற எண்) ஆகியவை எங்கேயும் பத்திரமாகப் போய்ச் சேரும். சிக்குவது ஓரத்தில் இருப்பவைதான். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு மட்டும் புரிகிற சில விவரங்களை 'ஆப்' என்று தொடங்கும் பெயர்களில் எழுதும், அடுத்தது அவற்றைக் கண்டுகொள்ளாது. தொடர்பை உறுதி செய்யும் கியூஎஸ்எல் கார்டு அனுப்பினேனா வந்ததா என்ற கணக்கும் சில இடங்களில் கலங்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பார்க்க மாட்டீர்கள். குறிப்பைத் தமிழில் எழுத ஆசை வரும். எனக்கும் வந்தது, உள்ளூர் நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் வானொலியில் கூடுவது) பேசியதை எல்லாம் தமிழிலேயே போட்டு வைத்தேன். ஏடிஐஎஃப் கோப்பின் வழக்கமான வடிவம் ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. 'நன்றி' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஐந்து குறிகள்; யுடிஎஃப்-8 முறையில் கோப்புக்குள் 15 பைட். நீளம் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் 5 என்று எழுதும், இன்னொன்று பைட்டை எண்ணிக்கொண்டு படிக்கும். ஐந்தாவது பைட்டில் வெட்டினால் வார்த்தை பாதியில் அறுந்து, சில சமயம் அடுத்த விவரமே தடம் புரளும். என் லாகில் இப்படி முப்பது சொச்சம் பதிவுகளைக் கையால் சரிசெய்தேன். இப்போது கணினியில் குறிப்பு ஆங்கில எழுத்தில்தான், தமிழ் எல்லாம் நோட்டில்.

நோட்டு என்றதும் சிரிக்காதீர்கள். 1978-ஆம் வருஷத்து இந்திய அமெச்சூர் சேவை விதிகள் லாகைத் தாள் தாளாகக் கழற்ற முடியாத, பைண்ட் செய்த புத்தகத்தில் எழுதச் சொன்னவை. கடைசிப் பதிவிலிருந்து குறைந்தது ஒரு வருஷம் பத்திரப்படுத்தவும் சொன்னவை. விதிகள் காலப்போக்கில் திருத்தப்படுபவை என்பதால் உங்கள் லைசென்ஸோடு வந்த நிபந்தனைகளை ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், மோர்ஸ் சாவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருப்பதற்கு ஈடான கருவியை நான் பார்த்ததில்லை. கரண்ட் போனால் பேட்டரியில் ரிக் ஓடும், நோட்டுக்குக் கரண்டே வேண்டாம்.

அடுத்தது நேரம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: லாக் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும், லேப்டாப் மூலையில் தெரிகிற நம் ஊர் நேரத்தில் கூடாது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடிகாலையில் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். நாற்பது மீட்டர் பேண்டில் ஐரோப்பா கேட்கிற நேரம், ஜனவரி 15 காலை 4:45-க்கு ஒரு ஸ்டேஷனைப் பிடிக்கிறீர்கள். லாகில் அது ஜனவரி 14, 23:15. நோட்டில் 15 என்று எழுதிவிட்டுப் பிறகு அப்படியே கணினியில் ஏற்றினால், எதிராளியின் லாகோடு அது என்றைக்கும் ஒத்துப்போகாது. இணையத்தில் தொடர்புகளை உறுதிப்படுத்தும் லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் இரு பக்கத்துப் பதிவுகளுக்கும் நடுவே அரை மணி வித்தியாசம் வரைதான் ஏற்கும். புதிதாக வந்த ஒருவர் ஒரு வருஷம் முழுக்க நம் நேரத்திலேயே லாக் போட்டு, "யாருமே எனக்கு உறுதி செய்யவில்லை, எல்லாம் மோசம்" என்று என்னிடம் வருத்தப்பட்டார். எக்செல்லில் ஐந்தரை மணி கழித்து மறுபடி ஏற்றினோம், ஒரே ராத்திரியில் இருநூறுக்கு மேல் வந்து விழுந்தது.

சரி, மென்பொருள் பெயர்கள். இனி சொல்வதில் பாதி என் ரசனை, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் தினசரி லாகுக்கு லாக்4ஓஎம் போதும், இலவசம். முதல் நாள் செட்டிங் பக்கங்களைப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும், ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். டிஎக்ஸ்லேப் தொகுப்பும் இலவசம்தான். டிஎக்ஸ்சிசி (பேசிய நாடுகளை எண்ணித் தரும் விருது) கணக்கு வைப்பதில் அதற்கு இணையானதை நான் இன்னும் காணவில்லை. ஆனால் எட்டு தனித்தனி நிரல்களாக இருக்கும், எதற்கு எது என்று புரியவே ஒரு வாரம் ஆகும். லாகர்32 பழைய ஆள், இன்னும் நன்றாகவே உழைக்கிறது. ஹாம் ரேடியோ டீலக்ஸ் பார்க்க லட்சணமானது. ஒரு காலத்தில் இலவசமாக இருந்தது, 2011-ல் கை மாறி அதன்பின் காசுக்கானது. வாங்கி மகிழ்ச்சியாக இருப்பவர்கள் நிறைய. இலவசமாக இவ்வளவு இருக்கும்போது ஆரம்பத்திலேயே காசு போட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள், எது இல்லை என்று உங்களுக்கே தெரியும், அது இருப்பதை அப்போது வாங்கலாம்.

லினக்ஸ் என்றால் சிகியூஆர்லாக் அல்லது கியூலாக். பின்னது விண்டோஸிலும் மேக்கிலும்கூட ஓடும். எனக்குப் பிடித்திருக்கிறது, இப்போது இதில்தான் இருக்கிறேன். மேக்கில் ரம்லாக் நன்றாக இருப்பதாக அதை வைத்திருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள், நான் உட்கார்ந்து ஓட்டியதில்லை. வலை உலாவியிலேயே லாக் போட வேவ்லாக், அதன் மூதாதையான கிளவுட்லாக் என்று இரண்டு உண்டு. பிஎச்பியும் டேட்டாபேஸும் நிறுவத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வசதி: வீட்டு லேப்டாப், அலுவலகக் கணினி, கையில் போன், எல்லாவற்றிலும் ஒரே லாக். சர்வர் என்றாலே கை நடுங்குமென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

கான்டெஸ்ட் (வானொலிப் போட்டி) தனி உலகம். அங்கே என்1எம்எம் லாகர் பிளஸ்தான், விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது. கால்சைன் அடித்ததுமே ஏற்கெனவே போட்ட ஆளா என்று காட்டும், போட்டியில் பரிமாறும் மண்டல எண்ணைத் தானே நிரப்பும் (நமக்குக் கொடுக்க வேண்டியது சிகியூ மண்டலம் 22), முடிவில் போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்பும் கேப்ரில்லோ கோப்பைத் தயாராகக் கொடுக்கும். தினசரி லாகை இதில் வைக்காதீர்கள். கான்டெஸ்ட் முடிந்ததும் ஏடிஐஎஃப் எடுத்துத் தாய் லாகில் சேர்த்துவிடுங்கள். எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோட் பக்கம் போவீர்களானால், உங்கள் லைசென்ஸ் அனுமதிக்கிற மோடா என்று பார்த்துக்கொண்டு போங்கள். அதற்கான மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தானாகவே ஒரு ஏடிஐஎஃப் கோப்பை எழுதிக்கொண்டே வரும். யுடிபி 2237 போர்ட் வழியாக ஒவ்வொரு கியூஎஸ்ஓவையும் லாகருக்குத் தள்ளவும் செய்யும். லாகர் தூங்கிவிட்டாலும் அந்தக் கோப்பு இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

இனி ரிக்கும் கணினியும் பேசிக்கொள்ளும் இடம். புதியவர்கள் மென்பொருளைத் திட்டுவதில் முக்கால்வாசி இந்த இடத்துக் கோளாறு. ஒரு காம் போர்ட்டை (கணினி ரிக்கோடு பேசும் வழி) ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். லாகர் ரிக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸைத் திறந்தால் சிவப்புப் பெட்டியில் ஹேம்லிப் (ரிக்கோடு பேசும் நிரல் பகுதி) பிழை வரும். உடனே ரிக் பழுது என்று பயந்து கடைக்காரருக்குப் போன் போடுவோம். ஒருவர் மட்டும் ரிக்கோடு பேசட்டும், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஒருவர் ஆம்னிரிக்காக இருக்கலாம், எஃப்எல்ரிக்காக இருக்கலாம், ஹேம்லிப்பின் ரிக்சிடிஎல்டியாக இருக்கலாம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ரிக் பட்டியலில் ஐகாம் 7300 என்பதற்குப் பதில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் 7300-க்குத் தனிக் கேபிள் எதுவும் தேவையில்லை, பிரின்டருக்குப் போடுகிற சாதாரண யுஎஸ்பி கேபிள் போதும். ரிக் கட்டுப்பாடு, ஒலி இரண்டும் அதிலேயே போகும். டிரைவரை முதலில் நிறுவிவிட்டுப் பிறகு கேபிளைச் செருகுங்கள். மென்பொருளில் கொடுக்க வேண்டிய ரிக் முகவரி 94, பதின்அறும எண்ணில். யுஎஸ்பி போர்ட்டைப் பின்பக்க ரிமோட் ஜாக்கிலிருந்து பிரித்து வைத்தால் 115200 வேகம் கிடைக்கும். இன்னொன்று: 'யுஎஸ்பி சென்ட்' என்ற செட்டிங்கில் டிடிஆர் அல்லது ஆர்டிஎஸ் வைத்திருந்தால், மென்பொருள் போர்ட்டைத் திறந்த நொடியே ரிக் டிரான்ஸ்மிட்டில் போய் நிற்கலாம். ஆகவே முதல் தடவை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) வைத்துச் சோதியுங்கள். யேசு கம்பெனியின் எஃப்டி-891 போன்ற ரிக்கில் யுஎஸ்பி இருக்கும், உள்ளே ஒலிக்கு ஒன்றும் இருக்காது. டிஜிட்டல் மோடுக்குத் தனி இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும். கடையில் "யுஎஸ்பி இருக்கு சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், நீங்கள்தான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

பிட்எக்ஸ் குடும்பத்து ரிக் வைத்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு வரி. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ், கணினியிடம் தன்னை யேசு எஃப்டி-817 என்று சொல்லிக்கொள்ளும், வேகம் 38400. உள்ளே இருப்பது ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை என்பதால் போர்ட் திறக்கும்போது ரிக் ஒருமுறை அணைந்து எழுந்தால் பதற வேண்டாம். பழைய ரிக்குகளுக்கு யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். போலி சிப்புகள் சந்தையில் தாராளம். 2014-ல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து போலி சிப்புகளை வேலை செய்யாமல் ஆக்கியது. நேற்றுவரை ஓடிய கேபிள் இன்று காலை செத்துக் கிடந்தது ஏன் என்று அன்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

லேப்டாப்பா, ராஸ்பெரி பையா? நான் லேப்டாப் என்பேன், காரணம் வேகமில்லை. லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது, நம் ஊர் கரண்டுக்கு அதுவே யுபிஎஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உங்கள் பழைய லேப்டாப் அதற்கு மேல் ஏறாது என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு கியூலாக் வைத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் அந்த லேப்டாப் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். பை சிறியது, கரண்டு குறைவாகக் குடிக்கும், ஆனால் இரண்டு குணங்கள் உண்டு. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட வாய்ப்பு அதிகம். அதோடு பை 4 வரைக்கும் உள்ளே கடிகாரமே கிடையாது, இன்டர்நெட்டில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். மலைமேல் தூக்கிக்கொண்டு போய் சிக்னல் இல்லாத இடத்தில் ஆன் செய்தால், கடைசியாக அணைத்த நேரத்தை நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். லாக் முழுக்கத் தப்பு நேரம், எஃப்டி8 ஒன்றுமே டீகோடு ஆகாது; அதற்குக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். பை 5-ல் கடிகாரம் இருக்கிறது, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். ஜிபிஎஸ் டாங்கிள் ஒன்று செருகினால் எந்தப் பையும் திருந்திவிடும்.

கருவி வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ரிக்கை நாற்பது மீட்டரில் ஆள் இல்லாத இடத்தில் வையுங்கள், சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் சார்ஜரைச் செருகுங்கள், பிடுங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு சார்ஜர், வேறு கம்பெனி டூப்ளிகேட், செருகினால் எஸ்2 இருந்த இடத்தில் எஸ்7 ஆகும். மனைவி மாடியில் மிக்சி போட்டாலும் அவ்வளவு இரைச்சல் வராது. லாகிங்குக்கு வாங்கிய கருவியே லாக் செய்ய வேண்டிய ஸ்டேஷனை மூழ்கடித்தால் என்ன செய்வது? டேப்லெட், மானிட்டர், எல்இடி விளக்கு, ராஸ்பெரி பைக்கான அடாப்டர், ஒவ்வொன்றையும் இப்படித் தனித்தனியாகப் பாருங்கள். எதிர்த்திசையிலும் தொல்லை வரும். பவரைக் கூட்டியதும், அதிலும் மேல் பேண்டுகளில், யுஎஸ்பி தொடர்பு அறுந்து மென்பொருள் "ரிக் இல்லை" என்றால் அலை கேபிள் வழியாகக் கணினிக்குள் ஏறுகிறது என்று பொருள். கேபிளை நல்ல ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். எனக்குப் பத்து மீட்டரில் இது ஒரே மாலையில் தீர்ந்தது, அதற்குமுன் மூன்று மாதம் மென்பொருளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உறுதிப்படுத்தலுக்கு லாக்புக் ஆஃப் த வேர்ல்ட், இகியூஎஸ்எல், கிளப்லாக், கியூஆர்இசட் என்று பல இடம் உண்டு. முதலாவது அமெரிக்கக் கழகமான ஏஆர்ஆர்எல் நடத்துவது, 2003-லிருந்து இருக்கிறது, டிஎக்ஸ்சிசிக்கு அது போதும். லைசென்ஸ் நகலும் ஓர் அடையாள ஆவணமும் அனுப்பி டிஜிட்டல் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் கோப்பையும் கடவுச்சொல்லையும் லாகைப் போலவே பத்திரமாக வையுங்கள். காகிதக் கார்டுக்கு இந்திய ஹாம் சங்கமான ஏஆர்எஸ்ஐ-யின் கியூஎஸ்எல் பியூரோ இருக்கிறது, பொறுமையும் இருக்க வேண்டும்.

இங்கே வியு3 ஆசாமிகளுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. நாளைக்குப் பரீட்சை எழுதி அடுத்த நிலையான ஜெனரல் கிரேடு வாங்கினால் கால்சைன் வியு2 ஆகிவிடும். பல மென்பொருள்களில் 'என் கால்சைன்' என்பது ஒரே ஒரு செட்டிங். ஒவ்வொரு பதிவிலும் தனியாக எழுதி வைத்திராவிட்டால், அதை மாற்றிய பிறகு எக்ஸ்போர்ட் செய்யும்போது பழைய கியூஎஸ்ஓக்களும் புதுக் கால்சைனில் வெளியே போகும். எதிராளிகளின் லாகில் இருப்பதோ வியு3. ஆகவே 'ஸ்டேஷன் கால்சைன்' என்ற விவரம் ஒவ்வொரு பதிவிலும் நிரம்புகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கால்சைன் மாறினால் பழையதற்கு ஒரு சான்றிதழ், புதியதற்கு ஒன்று, இரண்டுக்கும் தேதி எல்லையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிட்டிலும் கவனம் வேண்டும். மதுரை எம்ஜே99, திருச்சி எம்கே90 என்று பெரும்பாலான ஊர்களுக்குக் குழப்பமில்லை. சென்னைப் பக்கம்தான் வேடிக்கை. 80 டிகிரி தீர்க்கரேகையும் 13 டிகிரி அட்சரேகையும் அங்கே குறுக்கே போகின்றன. ஆவடி என்கே03, தாம்பரம் என்கே02, ஸ்ரீபெரும்புதூர் எம்கே92. மச்சான் வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா போட்டால் கிரிட் மாறிவிடலாம். அந்த இடத்துக்குத் தனி ஸ்டேஷன் லொகேஷன் உருவாக்கிக்கொண்டு ஏற்றுங்கள்.

"எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே, எதற்கு வீட்டில் பேக்கப்" என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 மே மாதம் ஏஆர்ஆர்எல் கணினிகள் மீது சைபர் தாக்குதல் நடந்து, லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் ஜூலை 1 வரை மூடிக் கிடந்தது. பதிவுகள் பத்திரமாகத்தான் திரும்பி வந்தன. ஆனால் அது லாக் வைக்கிற இடமே இல்லை, உறுதிப்படுத்துகிற இடம். நீங்கள் கொடுத்த ஆர்எஸ்டி, எதிராளியின் பெயர், குறிப்பு எதுவும் அங்கே இராது. என் ஏற்பாடு: லாகர் மூடும்போதெல்லாம் தானாக ஒரு ஏடிஐஎஃப் கோப்பு எழுதும், தேதி பெயரில். ஒரு பிரதி பென்டிரைவில், ஒன்று கிளப்லாகில், மூன்றாவதை மாதம் ஒருமுறை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வேன்.

ரிக் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வார இறுதியில் அந்தப் பழைய லேப்டாப்பில் லாக்4ஓஎம், கியூலாக் இரண்டையும் போடுங்கள். இதுவரை நோட்டில் எழுதியது இருந்தால் அதில் ஒரு பக்கத்தை யுடிசிக்கு மாற்றி ஒன்றில் ஏற்றுங்கள், ஏடிஐஎஃப் எடுத்து மற்றதில் இறக்குங்கள். இரண்டில் எது உங்கள் கைக்கு இணக்கமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது ஏதாவது பிழை வந்தால் அந்தக் கோப்பின் முதல் பத்து வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.